ஆடும் மடக்குக் கத்தி: ஒரு மாடித்தோட்டக்காரியின் அனுபவம்

காய் நறுக்கும் கத்தி கொஞ்சம் ஆடினால் பெரிய நஷ்டமில்லை. கேரட் ஒரு பக்கம் தடித்து விழும், அவ்வளவுதான். ஒட்டுக் கட்டும் கத்தி ஆடினால் ஒட்டே பிடிக்காது. ரோஜாவுக்கு மொட்டு ஒட்டு கட்டும்போது வேர்ச்செடியின் பட்டையில் ஆங்கில ‘டி’ எழுத்து வடிவில் கீறுகிறோம். நமக்கு வேண்டிய ரகத்தின் கண்ணை, அதாவது துளிர்க்கும் மொட்டை, பட்டையோடு சீவி எடுத்து அதற்குள் செருகுகிறோம். பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே கேம்பியம் என்று ஒரு மெல்லிய வளர்படலம் இருக்கிறது. இரண்டு செடிகளின் படலமும் ஒன்றோடொன்று படிந்து உட்கார்ந்தால்தான் ஒட்டு பிடிக்கும். அப்படிப் படிய வேண்டுமானால் வெட்டு ஒரே இழுப்பில், மட்டமாக விழ வேண்டும். அலகு அச்சில் மயிரிழை ஆடினாலும் வெட்டு மேடும் பள்ளமுமாகும். இடையில் காற்று நிற்கும், கண் காய்ந்து கறுத்துவிடும்.

பெங்களூர் அல்சூரில் எங்கள் வீட்டு மாடியில் ரோஜா, செம்பருத்தி, தொட்டிக்குள் அடங்கும் கொய்யா என்று வைத்திருக்கிறேன். நான் தோட்டக்கலை படித்தவள் இல்லை, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவள். கைக்கு வரும் கத்திகள் மூன்று வகை. லால்பாக் மலர்க் கண்காட்சிக் கடையொன்றில் வாங்கிய, பித்தளை ரிவெட் அடித்த ஒட்டுக்கத்தி ஒன்று. தம்பி மலையேறப் போகும்போது எடுத்துப்போகும், விரித்ததும் அலகு மடங்காமல் பூட்டிக்கொள்ளும், ஸ்குரூ வைத்த லாக் கத்தி ஒன்று. உறவினர் ஒருவர் கொண்டுவந்து கொடுத்த, மரப்பிடி போட்ட பிரெஞ்சு ஓபினெல் ஒன்று. இந்த மூன்றும் மூன்று விதமாக ஆடும், மூன்றுக்கும் வைத்தியம் வேறு. ‘கத்தி லூஸாகிவிட்டது, எப்படி இறுக்குவது’ என்று எங்கள் மாடித்தோட்டக் குழுவில் யாராவது கேட்டால் உடனே பதில் சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான்.

எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் எதிர்வீட்டு மாமா. இயந்திரங்களும் கைக்கடிகாரமும் செய்த எச்.எம்.டி. தொழிற்சாலையின் டூல் ரூமில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டரை அளந்து பழகிய கை. ஆடுகிற கத்தியைக் கொண்டுபோனால் வாங்கியவுடன் சுத்தியலைத் தேட மாட்டார்.

“எந்தப் பக்கம் ஆடுதுன்னு பாத்தியாம்மா?”

“ஆடுது மாமா, அவ்வளவுதான் தெரியும்.”

“அப்ப முதல்ல அதைப் பாரு. அதுக்கப்புறம் இறுக்கலாம்.”

பார்ப்பது எப்படி? கத்தியின் வாயில், அதாவது வெட்டும் விளிம்பில், இரண்டு சுற்று இன்சுலேஷன் டேப் ஒட்டிவிடுங்கள். இதைத் தவிர்க்காதீர்கள். ஆட்டம் பார்க்கும்போது விரல் அலகின் மேல்தான் இருக்கும், வழுக்கினால் தையல்தான். பிறகு கத்தியை முழுசாக விரித்து, பிடியை இடது கையில் கெட்டியாகப் பிடித்து, அலகின் நடுப்பகுதியை வலது கையின் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையே பற்றி, இடமும் வலமுமாக மெல்லத் தள்ளிப் பாருங்கள். அடுத்து முதுகுப் பக்கமிருந்து வாய்ப் பக்கமாக, மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். நுனியைப் பிடித்து ஆட்டினால் மெல்லிய அலகு எதுவும் வளையும், அது எஃகின் இயல்பு. அச்சில் ஆட்டம் இருந்தால் விரலுக்கு ‘டிக்’ என்று ஒரு முட்டல் தெரியும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தால் அலகின் அடிப்பகுதிக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே சந்து திறந்து மூடுவதைக் கண்ணாலும் பார்க்கலாம்.

பக்கவாட்டில் ஆடினால் அச்சு தளர்ந்திருக்கிறது, அல்லது வாஷர் தேய்ந்திருக்கிறது. இறுக்கினால் பெரும்பாலும் சரியாகும். மேலும் கீழும் ஆடினால் கதை வேறு. அலகு முழுசாக விரிந்ததும் எதில் போய் முட்டி நிற்கிறதோ அங்கே அல்லது லாக் வந்து உட்காரும் இடத்தில் தேய்மானம் இருக்கிறது, இல்லையென்றால் அழுக்கு இருக்கிறது. இதற்கு அச்சு ஸ்குரூவை எவ்வளவு திருகினாலும் பலன் இல்லை. அலகு அசையாமல் இறுகிப் போகும், லாக் பழுது அப்படியே இருக்கும். ஆட்டம் போய்விட்டது என்று நம்பி அழுத்தும்போதுதான் கத்தி விரல் மேல் மடங்கும்.

எந்த ஆட்டமானாலும் முதல் வேலை கழுவுவது. மாங்கன்றுப் பால், கொய்யா இலைச் சாறு, தொட்டி மண் எல்லாம் அச்சுக்குள் புகுந்து உறைந்திருக்கும். லாக் உட்காரும் பள்ளத்தில் கடுகளவு மண் ஒட்டியிருந்தால் போதும், மேலும் கீழும் ஆடத் தொடங்கிவிடும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர், பழைய டூத் பிரஷ், பல்குத்தி மூன்றும் போதும். பிசின் கெட்டியாக இருந்தால் மருந்துக் கடையில் கிடைக்கும் சர்ஜிகல் ஸ்பிரிட்டைப் பஞ்சில் தொட்டுத் துடைக்கலாம். பலாப்பால் மட்டும் ஸ்பிரிட்டுக்கு எளிதில் மசியாது. முதலில் தேங்காயெண்ணெய் தடவி இளக்கிவிட்டு, அந்த எண்ணெயையும் சோப்புப் போட்டு எடுத்துவிட வேண்டும். கழுவியதும் மின்விசிறிக்குக் கீழே விரித்தபடி வைத்து உலர விடுங்கள். ‘ஆடுது’ என்று என்னிடம் வந்த கத்திகளில் சில இந்தக் கட்டத்திலேயே சரியாகிவிட்டிருக்கின்றன. கொண்டுவந்தவர்களுக்கு அதில் சற்று ஏமாற்றம்தான், பெரிய ரிப்பேரை எதிர்பார்த்து வந்திருப்பார்கள்.

இனி ஸ்குரூ வைத்த கத்தி. என் தம்பி சாவன்துர்கா, ஸ்கந்தகிரி என்று வார இறுதியில் கிளம்புகிறவன். கத்தியைக் கட்டைவிரலால் நிதானமாகத் திறக்கத் தெரியாது அவனுக்கு. மணிக்கட்டை ஒரு வெட்டு வெட்டுவான், ‘சட்’டென்று திறக்க வேண்டும். ஒவ்வொரு ‘சட்’டும் அலகை, விரிந்ததும் அது முட்டி நிற்கும் நிறுத்துமுள்ளில் கொண்டுபோய் மோத வைக்கிறது. அந்த அதிர்வில் அச்சு ஸ்குரூ கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் திரும்பிக் கழன்றுகொண்டே வருகிறது.

இந்தக் கத்திகளில் சாதாரணத் திருப்புளி நுழையாது. ஸ்குரூ தலையில் ஆறு முனை நட்சத்திரக் குழி இருக்கும். டார்க்ஸ் என்பது பெயர், பெங்களூரில் உபகரணக் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோட்டில் ‘ஸ்டார் பிட்’ என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள். மடக்குக் கத்திகளில் பெரும்பாலும் டி6, டி8, டி10 இந்த மூன்றுக்குள் ஒன்றுதான் வரும். மொபைல், லேப்டாப் ரிப்பேருக்கென்று விற்கும் டப்பாவில் இந்த அளவுகள் இருக்கும். விலையைப் பார்த்து மட்டமான பிட் வாங்காதீர்கள். மெத்தென்ற இரும்பில் செய்த பிட் குழிக்குள் நழுவிச் சுற்றி, நட்சத்திரத்தை வட்டமாக்கிவிடும். அதற்குப் பிறகு அந்த ஸ்குரூவைக் கழற்றுவது தனிப்பாடு. பிட்டைச் செருகியதும் துளிகூட ஆடாமல் பொருந்த வேண்டும். டி8-க்குப் பதில் டி7 போட்டாலும் நுழையும், திரும்பவும் செய்யும், பாழாக்கவும் செய்யும்.

ஸ்குரூ திரும்பாமல் அடம்பிடித்தால் தொழிற்சாலையில் போட்ட திரவப் பூட்டு (ஸ்குரூ கழலாமல் இருக்க அதன் மரையில், அதாவது புரிகளில், தடவும் பசை) இறுகியிருக்கிறது என்று பொருள். பலத்தைக் காட்டாமல், சால்டரிங் அயர்ன் முனையை ஸ்குரூ தலைமேல் அரை நிமிடம் வைத்துச் சூடாக்கினால் பசை இளகும். பிடி பிளாஸ்டிக்காக இருந்தால் அதில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சில கத்திகளில் இந்தப் பக்கம் திருகினால் அந்தப் பக்கத்து ஸ்குரூவும் சேர்ந்து சுற்றும். அப்போது இரண்டு பக்கமும் ஆளுக்கொரு பிட் வேண்டும். ஒரு கையால் முடியாது, வீட்டில் யாரையாவது கூப்பிடுங்கள்.

எவ்வளவு இறுக்குவது என்பதில்தான் நுணுக்கம் இருக்கிறது. பக்கவாட்டு ஆட்டம் போவதற்கும் அலகு நகராமல் விறைத்துக்கொள்வதற்கும் நடுவே இருக்கும் இடம் ரொம்பக் குறுகல். வீணையில் பிரடையைத் திருகுகிறவர் சுருதிக்காக எப்படிக் காதைத் தீட்டிக்கொண்டு திருகுவாரோ, அப்படித்தான் இதையும் விரலால் கேட்டுக்கொண்டே திருக வேண்டும். கடிகார முள் ஐந்து நிமிடம் நகரும் தூரத்துக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீர்கள். திருகி, திறந்து மூடி, ஆட்டிப் பார்த்து, மறுபடி ஒரு துளி. இறுக்கி முடித்ததும் கத்தியை மடித்து மேலிருந்து பாருங்கள். அலகு இரண்டு தகடுகளுக்கும் நடுவே நிற்க வேண்டும். ஒரு பக்கம் சாய்ந்து தகட்டை உரசினால் அச்சைத் தொடாமல், பிடியில் இருக்கும் மற்ற ஸ்குரூக்களைக் கால் சுற்றுத் தளர்த்தி, அலகை நடுவுக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி இறுக்கினால் நேராகும்.

இறுக்கிய சில நாளில் மறுபடி தளர்கிறது என்றால்தான் திரவப் பூட்டு வேண்டும். நீல நிறத்தில் வரும் நடுத்தர வலிமை ரகம் போதும். லாக்டைட் 243 அந்த வகை, ஹார்டுவேர் கடையில் சின்னக் குப்பியில் கிடைக்கும். சிவப்பு ரகம் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். அது நிரந்தரமாகப் பிடித்துக்கொள்ளும், கழற்ற 250 டிகிரி செல்சியஸ் அளவுக்குச் சூடு கேட்கும். அந்தச் சூட்டில் பிடி என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஸ்குரூவைக் கழற்றி, மரையில் இருக்கும் எண்ணெயை ஸ்பிரிட்டால் துடைத்து, பல்குத்தி நுனியில் எடுத்த சொட்டை மரையின் கடைசி இரண்டு மூன்று சுற்றில் மட்டும் தடவுங்கள். மிச்சம் வழிந்து வாஷருக்குப் போனால் கத்தியே திறக்காது. இந்தத் திரவம் சில வகை பிளாஸ்டிக்கில் விரிசல் விழச் செய்யும், பிடியில் சிந்தினால் உடனே துடைத்துவிடுங்கள். இறுக்கும் அளவைச் சரிபார்க்கச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும், அதற்குள் முடித்துவிட்டு முழுசாக ஒரு நாள் தொடாமல் வைத்தால் நன்றாக இறுகிவிடும். கடை தூரம் என்றால் நெயில் பாலிஷும் ஓரளவு வேலை செய்கிறது. எங்கள் வீட்டில் தம்பியின் கத்தி அச்சுக்குள் இன்றைக்கும் இருப்பது என் மகளின் இளஞ்சிவப்பு நெயில் பாலிஷ். அவனுக்குத் தெரியாது.

உடனே ஒட்டும் பசையை மட்டும் ஊற்றாதீர்கள். குழுவில் இருக்கும் ஒரு அக்கா ஆட்டத்தை நிறுத்த அச்சில் இரண்டு சொட்டு விட்டு, பாதி திறந்த நிலையில் அப்படியே நின்றுவிட்ட கத்தியைப் பைக்குள் பத்திரமாகச் சுற்றி எடுத்துவந்தார். அசிட்டோன் கலந்த நெயில் பாலிஷ் ரிமூவரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, காத்திருந்து, மறுபடி விட்டு, பசையைக் கரைத்தோம். அவருடைய பிடி மரம் என்பதால் பிழைத்தது. பிளாஸ்டிக் பிடிகள் பலவற்றை அசிட்டோன் அரித்துவிடும்.

இறுக்கி, பூட்டி, எல்லாம் செய்தும் பக்கவாட்டில் ஆடினால் வாஷர் தேய்ந்திருக்கிறது. அலகின் இரு பக்கமும் பாஸ்பர் வெண்கலத்திலோ டெஃப்லான் வகை பிளாஸ்டிக்கிலோ மெல்லிய வட்டத் தகடு ஒவ்வொன்று இருக்கும். கத்தியைப் பிரிக்கும்போது வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் மொபைலில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்குரூக்கள் ஒரே நீளமாகத் தெரியும், இருக்காது. வாஷர் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் புரட்டிப் போட்டாலே கொஞ்ச காலம் ஓடும். தனி வாஷர் கிடைக்காவிட்டால் 0.05 அல்லது 0.1 மி.மீ. பித்தளைத் தகடு வாங்கி, பழைய வாஷரை அச்சாக வைத்துக் கத்தரித்துக் கூடுதலாக ஒன்று போடலாம். குளிர்பான அலுமினிய டின்னை வெட்டிப் போடுகிறவர்களும் உண்டு. அதன் தடிமனும் ஏறக்குறைய 0.1 மி.மீ.தான், ஆனால் அலுமினியம் சீக்கிரம் தேய்ந்து கருப்புப் பொடியாக வரும்.

ரிவெட் அடித்த கத்திதான் மாமாவுக்குப் பிடித்த விஷயம். எனக்கும்தான், நம் ஊரில் விற்கும் ஒட்டுக்கத்திகளில் பெரும்பாலானவை ரிவெட்தானே. திருகுவதற்கு ஒன்றும் இல்லை என்றதும் பலர் கத்தியைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். பித்தளை மெத்தென்ற உலோகம், எஃகு அலகு அதில் சுழன்று சுழன்று அரைக்கிறது. நாளடைவில் தலை லேசாக விலகி, இரண்டு பக்கத் தகடுகளும் அகன்று கொடுக்கின்றன. அந்தத் தலையை மறுபடி பரப்பி, தகடுகளை உள்ளே இழுத்தால் ஆட்டம் போகும்.

தட்டுவதற்கு முன் ரிவெட் தலை எதன்மேல் உட்கார்ந்திருக்கிறது என்று பாருங்கள். கழுத்தில் பித்தளைப் பட்டை இருந்து அதன்மேல் தலை இருந்தால் தைரியமாகத் தட்டலாம். மரத்தின் மேலோ பிளாஸ்டிக் மேலோ நேரடியாக இருந்தால் பிடி விரிசல் விட்டுவிடும், அதைத் தட்டத் தெரிந்தவரிடம் விடுவது நல்லது. விக்டோரினாக்ஸ் மாதிரி சுவிஸ் கத்தியில் ரிவெட் தலைகள் சிவப்பு ஓட்டுக்கு அடியில் இருக்கும். ஓடு அந்தத் தலைகளைக் கவ்வித்தான் நிற்கிறது, அதை நெம்பி எடுத்தால்தான் கை நுழையும். அந்த வேலையை அவர்களுடைய சர்வீஸுக்கு விட்டுவிடலாம்.

மாமா செய்யும் முறை இதுதான். பெஞ்ச் வைஸின் (மேசையில் பொருத்திய பட்டறை இடுக்கி) பின்னால் இருக்கும் அடைகல் பகுதியில் ஒரு பக்கத்து ரிவெட் தலை முழுசாகப் படியும்படி கத்தியைப் படுக்க வைப்பார். வைஸ் இல்லாதவர்கள் கனமான இரும்புக் கட்டி எதையாவது பயன்படுத்தலாம். சிமெண்ட் தரை உதவாது, அடியை அது உறிஞ்சிக்கொள்ளும், கீழ்த் தலையும் சொரசொரப்பாகும். சுத்தியல் சின்னதாக, ஒரு பக்கம் உருண்டையாக இருக்க வேண்டும். நூறு கிராம் எடை போதும். கத்தியை விரித்து, வாயில் டேப் ஒட்டி, அலகின் அடிப்பகுதிக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவே, சந்து அளக்கப் பயன்படும் 0.05 மி.மீ. ஃபீலர் கேஜ் தகடு ஒன்றைச் செருகுவார். நான் அதற்குப் பதில் மெல்லிய காகிதத் துண்டு வைக்கிறேன். தட்டி முடித்து அதை உருவினால் அலகு சுழல்வதற்கு வேண்டிய அந்த இத்தனூண்டு இடம் மிஞ்சும். இந்தத் தடுப்பு இல்லாமல் தட்டினால் ஒரு அடி கூடிப்போனதும் கத்தி இறுகிவிடும்.

தட்டுவதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. தலையின் நடுவில் ஓங்கி அடித்தால் ரிவெட்டின் தண்டு உள்ளே பருத்து அலகைக் கவ்விக்கொள்ளும். தலையின் ஓரத்தைச் சுற்றி, சுத்தியலின் எடையை மட்டும் விழவிட்டுத் தட்டினால் தலை பரந்து தகடுகளைச் சேர்க்கும். ஒரு சுற்றுத் தட்டு, திருப்பிப் போட்டு மறுபக்கம் ஒரு சுற்று, எடுத்து ஆட்டிப் பார். “நீ அடிக்கல, தடவற மாதிரி இருக்கணும்” என்பார் மாமா. கடைசியில் தலையில் விழுந்த குழிகளை நைஸ் உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் பித்தளை புதுசு மாதிரி மின்னும்.

கொஞ்சம் அதிகமாக இறுகிவிட்டால் பதற வேண்டாம். ஒரு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டு டி.வி. பார்த்துக்கொண்டே பலமுறை திறந்து மூடினால் பித்தளை இடம் கொடுக்கும். அலகில் இருக்கும் துளையே நீள்வட்டமாகத் தேய்ந்துவிட்டிருந்தால் மட்டும் தட்டிப் பயனில்லை. பழைய ரிவெட்டை டிரில் போட்டு எடுத்து, துளையை வட்டமாக்கி, சற்றுப் பெரிய பின் போட்டு அடிக்க வேண்டும். கத்தியின் விலைக்கு அந்த வேலை பெரும்பாலும் கட்டாது. தாத்தா கத்தி, அப்பா கத்தி என்றால் வேறு கணக்கு.

ஓபினெல் பற்றிச் சுருக்கமாக. 1890-லிருந்து பிரான்ஸின் சவோய் மலைப்பகுதியில் செய்யப்படும் கத்தி இது. அலகு, மரப்பிடி, ஒரு ரிவெட், கழுத்தில் நிலையாக ஒரு உலோகப் பட்டை, அதன்மேல் சுற்றும் எஃகு வளையம், அவ்வளவுதான் பாகங்கள். விரித்த பிறகு வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும், 1955-இல் சேர்த்த அமைப்பு அது. வளையத்தின் விளிம்பு சரிவாக இருப்பதால் அதிகம் திருப்பத் திருப்ப அலகை நெருக்கும், சின்ன ஆட்டம் அதிலேயே அடங்கிவிடும். வளையமே லொடலொடத்தால் கழற்றி மெல்ல நெருக்கி மாட்டலாம். பெங்களூரில் இதன் தொல்லை பெரும்பாலும் தலைகீழ். மழைக்காலத்தில் மரம் ஈரத்தை வாங்கி உப்பி, அலகு வெளியே வராது. நகத்தால் நோண்டாமல், மடித்த கத்தியின் பிடியின் பின்பக்கக் கோடியை மேசை விளிம்பில் ‘டொக்’கென்று தட்டினால் அலகு கொஞ்சம் எட்டிப் பார்க்கும். சவோய்க்காரர்களே அப்படித்தான் திறக்கிறார்கள். பிப்ரவரி, மார்ச் வறட்சியில் அதே மரம் சுருங்கி அலகு தளரும். அப்போது அவசரப்பட்டு ரிவெட்டைத் தட்டிவிட்டால் ஜூனில் கத்தி திறக்காது. மரப்பிடிக் கத்தியை ஆண்டின் எந்த மாதத்தில் சோதிக்கிறோம் என்பதும் முக்கியம்.

மேலும் கீழும் ஆடும் லாக் கத்தி பற்றி என் அபிப்பிராயம் கறாரானது. கழுவிப் பார்த்தாயிற்று, நிறுத்துமுள் ஸ்குரூ இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்தாயிற்று, அப்படியும் ஆடுகிறது என்றால் லாக் தகட்டின் முனை தேய்ந்துவிட்டது. தகட்டை வளைத்து, அரம் போட்டு, சரிசெய்துவிடலாம் என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கோணம் ஒரு டிகிரி தப்பினாலும் லாக் வழுக்கும். கம்பெனி சர்வீஸ் இருந்தால் அனுப்புங்கள். இல்லாவிட்டால் தபால் உறை கிழிக்க வைத்துக்கொள்ளுங்கள், அழுத்தி வெட்டும் வேலைக்குக் கொடுக்காதீர்கள். லாக்கே இல்லாத, பின்பக்க வில்தகட்டின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும் ஒட்டுக்கத்தி, பேனாக்கத்தி போன்றவற்றை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவை முதுகுப் பக்கமாக அழுத்தினால் மடங்கத்தான் செய்யும், அது பழுதில்லை. அவற்றைக் குத்துவதற்குப் பயன்படுத்தாமல் இழுத்து வெட்டினால் போதும்.

ஆட்டம் வராமல் பார்ப்பதில் பாதி, கத்தியைக் கத்தியாக மட்டும் பயன்படுத்துவதில் இருக்கிறது. அட்டைப்பெட்டியின் பின்னை நெம்புவது, பெயிண்ட் டப்பா மூடியைத் தூக்குவது, தொட்டி மண்ணைக் கிளறுவது எல்லாம் பக்கவாட்டு விசை. மடக்குக் கத்தி அதைத் தாங்காது. ஒட்டுக் கட்டும்போது பட்டையை விலக்க அலகைத் திருகும் பழக்கம் பலருக்கு உண்டு. அதற்கென்றே பல ஒட்டுக்கத்திகளில் பின்கோடியில் மழுங்கலான ஒரு நாக்கு வைத்திருப்பார்கள். அதைத் தேய்ந்த பல்குச்சி என்று நினைத்து ஒதுக்கிவிடுகிறோம். தடித்த கிளையைப் பிளக்க அலகின் முதுகில் கட்டையால் தட்டுவதும் கூடாது. அந்த அடி நேராக அச்சுக்குப் போகும், கவாத்துக் கத்தரி எதற்கு இருக்கிறது?

சாணை பிடிக்கும்போதும் கவனம் வேண்டும். தெருவில் சைக்கிளை மிதித்துச் சாணை பிடிக்க வருகிறவர் அரிவாள்மணைக்கும் அருவாளுக்கும் கெட்டிக்காரர். மடக்குக் கத்தியைச் சுற்றும் கல்லில் பக்கவாட்டில் அழுத்தும்போது அச்சு வாங்குகிறது, தீப்பொறி பறக்கும் அளவுக்குச் சூடேறினால் மெல்லிய வாயின் பதமும் போய்விடும். பல ஒட்டுக்கத்திகளுக்கு ஒரு பக்கம் மட்டும்தான் சரிவு, மறுபக்கம் தட்டை. அவற்றை இரண்டு பக்கமும் தீட்டிவிட்டால் மட்டமான வெட்டு வராது. வீட்டில் தண்ணீர்க் கல்லில் நிதானமாகத் தீட்டுங்கள்.

எண்ணெய் விஷயத்தில் தேங்காயெண்ணெய்க்கு என் ஓட்டு இல்லை. நாளாக ஆகப் பிசுபிசுத்து, சிக்குப் பிடித்து, தூசியைச் சேர்த்துக்கொள்ளும். தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு அச்சில் விட்டு, திறந்து மூடி, வழிந்ததைத் துடைத்தால் போதும். பழம் நறுக்கும் கத்தி என்றால் மருந்துக் கடையில் கிடைக்கும் லிக்விட் பாரஃபின் நல்லது. அதுவும் கனிம எண்ணெய்தான், கெட்டுப்போகாது. துடைக்காமல் விட்ட எண்ணெயில் மண் ஒட்டிக்கொண்டால் அதுவே அரைக்கும் பசையாகி வாஷரைத் தின்னும்.

புதுசு வாங்கும்போது கடையிலேயே திறந்து, நான் முன்னால் சொன்ன இரண்டு திசையிலும் ஆட்டிப் பாருங்கள். மடித்து வைத்து அலகு நடுவில் நிற்கிறதா, ரிவெட் தலை பட்டையோடு படிந்திருக்கிறதா, பிடிக்கும் தகட்டுக்கும் நடுவே வெளிச்சம் தெரிகிறதா என்று பாருங்கள். எஸ்.பி. ரோட்டில் அவசரக் கூட்டத்துக்கு நடுவே கடைக்காரர் முகம் சுளிக்கலாம். கன்னடத்தில் ‘ஒந்து நிமிஷா’ (ஒரு நிமிடம்) என்று சொல்லிவிட்டு நிதானமாகப் பார்த்து வாங்குங்கள். ஊருக்கு விமானத்தில் போகிறவர்கள் கத்தியை கேபின் பையில் மறந்து வைத்துவிடாதீர்கள், செக்-இன் பெட்டிக்குள் போட்டுவிடுங்கள்.

கழித்துக் கட்ட வேண்டிய கத்தியைக் கழிக்கும் முன் அச்சு ஸ்குரூ, வாஷர்கள், நிறுத்துமுள் இவற்றைக் கழற்றி ஒரு மாத்திரை டப்பாவில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அளவு பொருந்தும் இன்னொரு கத்திக்கு உதவும். அலகை அட்டையில் மடித்து, டேப் சுற்றி, மேலே ‘கத்தி’ என்று பெரிதாக எழுதிப் பழைய இரும்புக் கடையில் கொடுத்துவிடுங்கள். குப்பைப் பையில் போட்டால், காலையில் வண்டியோடு வந்து அதைக் கையால் பிரிக்கிறவருடைய விரல்தான் போகும்.